செவிலியர் கேள்வி–பதில்: சிசிஆர்என் தேர்வுக்குத் தயாராவது எப்படி?

அமெரிக்காவில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பணிபுரியும் செவிலியர்களுக்காக, அந்நாட்டின் தீவிர சிகிச்சைச் செவிலியர் சங்கத்தைச் சார்ந்த சான்றளிப்புக் கழகம் நடத்தும் சிசிஆர்என் தேர்வைப் பற்றி வாசகியர் பலர் எழுதியிருந்தார்கள். பெரியவர்களுக்கான தேர்வைப் பற்றிய ஐந்து கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன்.

கேள்வி: ஹூஸ்டனில் ஐசியூவில் நான்கு ஆண்டுகளாக இரவுப் பணியில் இருக்கிறேன். மாதிரித் தேர்வுகளில் பாதிக்குச் சற்று மேல்தான் சரியாக வருகிறது. தினமும் கையால் செய்கிற வேலையிலேயே ஏன் தவறுகிறேன்? இன்னும் எத்தனை புத்தகங்கள் படிக்க வேண்டும்?

பதில்: இனிப் புத்தகம் எதுவும் வாங்க வேண்டாம். உங்கள் கடிதத்துடன் இணைத்திருந்த தவறான விடைகளைப் பார்த்தேன். அவற்றில் பெரும்பாலானவை தெரியாததால் நேர்ந்தவை அல்ல. உங்கள் பிரிவில் வழக்கமாக என்ன செய்வார்களோ அதையே விடையாகத் தேர்ந்தெடுத்ததால் நேர்ந்தவை. பணியிடத்தில் மருத்துவர் எழுதிவைத்த உத்தரவு இருக்கும், மருந்தாளுநர் இருப்பார், பக்கத்துப் படுக்கையைக் கவனிக்கும் மூத்த செவிலியர் இருப்பார். தேர்வில் நோயாளியும் நீங்களும் மட்டும்தான். கேட்கப்படுவது உங்கள் மருத்துவமனையின் வழக்கம் அன்று, அந்த நோயாளியின் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதே.

நீங்கள் தவறவிட்ட ஒரு கேள்வியையே எடுத்துக்கொள்வோம். இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு. ரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது. கழுத்துச் சிரைகள் புடைத்திருக்கின்றன. நுரையீரலில் நீர் கோத்த ஒலி இல்லை. நீங்கள் நைட்ரோகிளிசரின் என்று குறித்திருக்கிறீர்கள். நெஞ்சுவலி என்றதும் கை தானாக அங்கே போய்விடுகிறது. ஆனால் இந்த மூன்று அறிகுறிகளும் சேர்ந்தால் வலது கீழறையும் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். பலவீனமான வலது அறை, தன்னிடம் திரும்பி வரும் ரத்தத்தின் அளவை நம்பியே இயங்குகிறது. நைட்ரோகிளிசரின் சிரைகளை விரித்து அந்த வரத்தையே குறைத்துவிடும், ரத்த அழுத்தம் மேலும் சரிந்துவிடும். எனவே வலப்பக்க ஈசிஜி எடுப்பதும், சலைன் கொடுத்து வரத்தைக் காப்பதுமே சரியான விடைகள். இந்தக் காரணத்தை ஒருமுறை உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதிவிட்டால், இதே சங்கதியை மார்ஃபின் என்றோ ஃப்யூரோஸமைடு என்றோ மாற்றிக் கேட்டாலும் தடுமாற மாட்டீர்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். நுரையீரல் கடுமையாக அழற்சியுற்று மூச்சு திணறும் ஏஆர்டிஎஸ் நோயாளிக்கு வென்டிலேட்டரில் ஒரு மூச்சுக்கு எவ்வளவு காற்று என்ற கேள்வியில், 155 சென்டிமீட்டர் உயரமும் 82 கிலோ எடையும் உள்ள பெண்ணுக்கு நீங்கள் 490 மில்லி லிட்டரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். கிலோவுக்கு 6 மில்லி என்ற கணக்கு உங்களுக்குத் தெரிந்தேயிருக்கிறது. ஆனால் அந்தக் கிலோ தராசில் நிற்கும் எடை அல்ல, உயரத்தைக் கொண்டு கணிக்கும் எடை. பெண்களுக்கு 45.5 உடன், 152.4-க்கு மேல் உள்ள ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 0.91 கூட்ட வேண்டும். இவருக்கு அது ஏறத்தாழ 48 கிலோ. ஆக, கொடுக்க வேண்டியது சுமார் 290 மில்லி. உடல் பருத்தாலும் நுரையீரல் பருப்பதில்லை.

இனி ஒரு குறிப்பேடு வையுங்கள். அதில் சரியான விடையை எழுத வேண்டாம்; தவறான விடையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதை மட்டும் ஒரே வரியில் எழுதுங்கள். தெரியவில்லை, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, பிரிவின் பழக்கம் என்ற மூன்று காரணங்களுக்குள் எல்லாமே அடங்கிவிடும். நான் முதல் முறை இந்தத் தேர்வை எழுதித் தோற்றவள். அதன் பின்னர்தான் இப்படி ஒரு குறிப்பேடு வைத்தேன். அதில் மூன்றாவது காரணமே பக்கங்களை நிறைத்திருந்தது என்பதைப் பார்த்தபோது, அதுவரை பெருமையாக நினைத்திருந்த அனுபவத்தின் மீது எனக்குச் சற்றுக் கோபமே வந்தது.

கேள்வி: துபாயில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியூவில் பணிபுரிகிறேன். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் முடித்தேன். நான் சிசிஆர்என் எழுத முடியுமா?

பதில்: உங்களிடம் அமெரிக்க மாநிலம் ஒன்றின் செவிலியர் உரிமம் இருக்கிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை, அதுதான் முதல் கேள்வி. தமிழ்நாட்டுப் பதிவோ துபாய் உரிமமோ மட்டும் போதாது. அமெரிக்கச் செவிலியர் உரிமத் தேர்வான என்க்ளெக்ஸில் தேர்ச்சி பெற்று, தடைகள் ஏதும் இல்லாத அமெரிக்க உரிமம் கையில் இருந்தால்தான் விண்ணப்பமே செய்யலாம்.

அடுத்தது பணி மணிகள். இரண்டு வழிகள் உள்ளன. கடந்த 2 ஆண்டுகளில் தீவிர நிலையில் உள்ள நோயாளிகளை நேரடியாகக் கவனித்த 1,750 மணி நேரம், அதில் 875 மணி விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டுக்குள். அல்லது, கடந்த 5 ஆண்டுகளில் 2,000 மணி நேரம், அதில் 144 மணி கடைசி ஓராண்டுக்குள். வாரத்துக்கு மூன்று 12 மணி நேர ஷிஃப்ட் என்று கணக்கிட்டால் 1,750 மணியை 49 வாரங்களில் எட்டிவிடலாம். இடையில் மகப்பேறு விடுப்பில் இருந்தவர்களுக்கு இரண்டாவது வழியே பெரும்பாலும் பொருந்தும். எந்த வயதினருக்கான தேர்வோ அந்த வயதினரைக் கவனித்த மணிகள் மட்டுமே கணக்கில் வரும் என்பதால், குழந்தைகள் பிரிவில் மாற்றுப் பணி செய்த நாட்களைக் கழித்துவிடுங்கள்.

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வெளியே செய்த பணி, அமெரிக்கத் தரத்துக்கு இணையான மருத்துவமனையில் செய்ததாக இருக்க வேண்டும். உங்கள் மருத்துவமனைக்கு ஜேசிஐ என்ற பன்னாட்டு மருத்துவமனைத் தர அமைப்பின் அங்கீகாரம் இருந்தால் அதைக் குறிப்பிட்டுக் கழகத்துக்கு முன்கூட்டியே எழுதி, பதிலைப் பெற்ற பிறகு பணம் கட்டுங்கள். சில விண்ணப்பங்களைத் தணிக்கைக்கு எடுப்பார்கள். உங்கள் மணிகளை உறுதிப்படுத்தக்கூடிய மேலாளர் அல்லது சக செவிலியர் ஒருவரிடம் இப்போதே சொல்லிவைப்பது நல்லது.

கேள்வி: நியூ ஜெர்சியில் அறுவை ஐசியூவில் இருக்கிறேன். இதயத்தின் வழியாக நுரையீரல் தமனிவரை செலுத்தி அழுத்தங்களை அளக்கும் ஸ்வான்–கான்ஸ் கதீட்டரை எங்கள் பிரிவில் அரிதாகத்தான் போடுகிறார்கள். அதன் எண்களை மனப்பாடம் செய்கிறேன், ஒரு வாரத்தில் மறந்துவிடுகிறது. இதைத் தவிர்த்துவிட்டு மற்ற பகுதிகளில் மதிப்பெண் எடுக்க முடியாதா?

பதில்: தவிர்க்க வேண்டாம். இதயமும் நுரையீரலும் சேர்ந்து வினாத்தாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஷாக், அதாவது உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போய்ச்சேராத நிலை, பற்றிய கேள்விகள் வேறு பகுதிகளிலும் தலைகாட்டும். ஜெரமி ஸ்வானும் வில்லியம் கான்ஸும் 1970-இல் லாஸ் ஏஞ்சலிஸில் அறிமுகப்படுத்திய அந்தக் கருவி படுக்கையருகே அருகிவிட்டாலும், அது கற்றுத்தந்த சிந்தனைமுறை தேர்வில் அப்படியே இருக்கிறது. பாய்மரப் படகைக் கடற்கரையில் பார்த்தபோதுதான், ரத்த ஓட்டமே கதீட்டரை இழுத்துச் செல்லட்டும் என்ற எண்ணம் ஸ்வானுக்குத் தோன்றியதாம். அட்டவணை மறந்தாலும் அந்தப் படகு நினைவில் நிற்கும்.

மனப்பாடத்துக்குப் பதிலாக இரண்டு நோயாளிகளை மனத்தில் படுக்க வையுங்கள். இருவருக்கும் ரத்த அழுத்தம் 84/48, அதாவது சராசரி தமனி அழுத்தம் 60. மானிட்டரை மட்டும் பார்த்தால் இருவரும் ஒன்றே.

முதலாமவருக்கு சிவிபி (இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரையில் உள்ள அழுத்தம்) 4, இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் ரத்தம் 8 லிட்டர். சராசரி அழுத்தத்திலிருந்து சிவிபியைக் கழித்து, 80-ஆல் பெருக்கி, 8-ஆல் வகுத்தால் ரத்தநாள எதிர்ப்பு 560. இயல்பான அளவு 800 முதல் 1,200 வரை. இதயம் ஓடியோடி உழைக்கிறது. குழாய்கள் தளர்ந்து கிடக்கின்றன. இது தொற்றால் வரும் செப்டிக் ஷாக். திரவத்துக்குப் பின்னும் அழுத்தம் உயராவிட்டால் குழாய்களை இறுக்கும் நார்எபினெஃப்ரின் வேண்டும்.

இரண்டாமவருக்கு சிவிபி 14, வெட்ஜ் அழுத்தம் (இதயத்தின் இடப்பக்கத்தில் தேங்கும் அழுத்தத்தைக் காட்டுவது) 24, இதய வெளியேற்றம் 2.8 லிட்டர். அதே கணக்கைப் போட்டால் எதிர்ப்பு 1,300-ஐத் தாண்டுகிறது. பின்னால் ரத்தம் தேங்கி நிற்கிறது, முன்னால் போக வழியில்லை, உடலோ குழாய்களை இறுக்கி அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கப் பார்க்கிறது. இது இதயம் பலவீனமானதால் வரும் கார்டியோஜெனிக் ஷாக். இவருக்கு லிட்டர் கணக்கில் சலைன் ஏற்றினால் நுரையீரலில்தான் போய் நிற்கும்.

மூன்றாவதாக, ரத்தம் இழந்த நோயாளியை நீங்களே அமைத்துப் பாருங்கள்: எந்த எண் உயரும், எது விழும், ஏன்? ஒரு கேள்விக்கு அட்டவணை இன்றி இப்படி விடை கண்டுவிட்டால் பிறகு அட்டவணை தேவையே இல்லை.

அழுத்தத்தை அளந்து திரைக்கு அனுப்பும் டிரான்ஸ்டியூசரின் உயரத்தையும் மறக்காதீர்கள். நான்காவது விலா இடைவெளியும் மார்புப் பக்கவாட்டின் நடுக்கோடும் சந்திக்கும் இடத்தில் அது இருக்க வேண்டும். நோயாளிக்கு மாத்திரை கொடுக்கக் கட்டிலை உயர்த்திவிட்டு, கம்பத்தில் மாட்டிய டிரான்ஸ்டியூசரை அப்படியே விட்டுவிட்டால், இதயத்துக்குக் கீழே போகும் ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் திரையில் ஏறத்தாழ 7 மி.மீ. அதிகமாகக் காட்டும். திரையில் 65 என்று நிம்மதியாகத் தெரியும் சராசரி அழுத்தம் உண்மையில் 58-ஆக இருக்கலாம். இதைத் தேர்வுக்காக மட்டும் படிக்க வேண்டாம். இன்றிரவு ஷிஃப்டில் கட்டிலை அசைத்துவிட்டு எண் மாறுவதை ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

கேள்வி: தொழில் நெறி பற்றிய கேள்விகள் பொது அறிவு போலத்தானே? அவற்றைப் படிக்க வேண்டுமா?

பதில்: வினாத்தாளில் 80 சதவீதம் மருத்துவத் தீர்மானம், 20 சதவீதம் நெறியும் அக்கறையும். அந்த இருபதில்தான் நம் ஊரிலிருந்து சென்றவர்கள் பலர் இடறுகிறார்கள், ஏனெனில் அங்கே நம் வளர்ப்பு குறுக்கிடுகிறது. ஒரு மகன் வந்து, "அம்மாவிடம் புற்றுநோய் என்று சொல்லிவிடாதீர்கள், தாங்க மாட்டார்" என்கிறார். நம்மில் பலருக்கு அது பாசமாகவே தெரியும், நாமும் தலையசைப்போம். தேர்வு எதிர்பார்ப்பது வேறு: தெளிந்த நினைவோடு இருக்கும் நோயாளி, தன் நோயைப் பற்றி எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதை அவரிடமே கேட்க வேண்டும், மகனின் அச்சத்தையும் உட்கார்ந்து கேட்க வேண்டும். அதுபோல, ஆங்கிலம் தெரியாத நோயாளிக்குச் சிகிச்சை ஒப்புதல் விளக்கும்போது பேத்தியை மொழிபெயர்க்கச் சொல்வது வசதியானது, ஆனால் தவறானது. பயிற்சி பெற்ற மருத்துவ மொழிபெயர்ப்பாளரை அழைப்பதே விடை. நோயாளியின் தேவைகளையும் செவிலியரின் திறன்களையும் பொருத்திப் பார்க்கும் சினெர்ஜி மாதிரி என்ற சட்டகத்தின் மீது இக்கேள்விகள் அமைந்திருக்கின்றன. அதில் கூறப்படும் எட்டுத் திறன்களை ஒரு மாலையில் படித்து முடித்துவிடலாம்.

கேள்வி: இரண்டு வயதுக் குழந்தை, வாரம் மூன்று இரவு ஷிஃப்ட். தினமும் நான்கு மணி நேரம் படிக்கச் சொல்கிறார்கள். முடியவில்லை. தேர்வு நாளைப் பற்றியும் சொல்லுங்கள்.

பதில்: நான்கு மணி நேரம் படிக்கச் சொன்னவர் உங்கள் வீட்டுக்கு வந்து பார்த்ததில்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் தேர்வு எழுத 90 நாட்கள் கிடைக்கும். அதற்கு முன்பே இரண்டு மாதங்கள் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். பணி இல்லாத நாட்களில் 25 கேள்விகள், அவற்றின் விளக்கங்கள், குறிப்பேட்டில் சில வரிகள் போதும். இரவுப் பணி முடிந்து வரும் காலையில் படிக்கவே வேண்டாம். தூக்கத்தோடு படித்ததை மறுநாள் மீண்டும் படிக்க வேண்டியிருக்கும். பணியின்போது, உங்கள் நோயாளி ஒருவரைப் பற்றி "இவருக்கு இந்த மருந்து ஏன்?" என்று ஒரு கேள்வியை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதி வீட்டுக்கு எடுத்து வாருங்கள். நீரிழிவால் ரத்தத்தில் அமிலம் மிகும் கீட்டோஅசிடோசிஸ் நோயாளிக்கு இன்சுலின் தொடங்கும் முன் பொட்டாசியத்தை ஏன் பார்க்கிறார்கள் என்ற ஒரே கேள்வி உங்களுக்கு அரை அத்தியாயத்தைக் கற்றுத்தரும்.

தேர்வு 3 மணி நேரம், 150 கேள்விகள். அவற்றில் 25 கேள்விகள் புதிதாகச் சோதித்துப் பார்க்கப்படுபவை, மதிப்பெண் இல்லை. ஆனால் அவை எவையென்று தெரியாது. எனவே முன்பின் கேட்டறியாத கேள்வி ஒன்று வந்தால் அது அந்த இருபத்தைந்தில் ஒன்று என்று எண்ணிக்கொண்டு, ஏதாவது ஒரு விடையைக் குறித்துவிட்டு நகருங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், காலியாக விடுவதில் பயனில்லை.

இன்னும் ஒன்று, இது நம்மவர்களுக்கு மட்டும். தேர்வு மையத்தில் காட்டும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நமக்கோ பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் விரித்தெழுதிய அப்பாவின் பெயர், திருமணத்துக்குப் பின் வாங்கிய ஓட்டுநர் உரிமத்தில் கணவரின் பெயர். விண்ணப்பிப்பதற்கு முன்பே செவிலியர் உரிமத்தையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் மாநிலச் செவிலியர் வாரியத்தில் திருத்திக்கொண்ட பிறகு விண்ணப்பியுங்கள்.