குஞ்சம்மாவின் கல்வெட்டில் பகிடி எழுதலாமா?

கேள்வி: எங்கள் குஞ்சம்மா, அம்மாவின் தங்கை, தனது 68ஆவது வயதில் காலமாகி இரண்டு கிழமை ஆகிறது. கலியாணம் கட்டாதவ. அம்மா படிப்பிக்கப் போனதால் எங்கள் நாலு பேரையும் வளர்த்தது அவதான். 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு, அதாவது நினைவுப் புத்தகம், அடிக்கிறோம். நினைவுக் கட்டுரை என் பொறுப்பு. எழுத இருந்தால் 'அன்பின் உறைவிடம், பண்பின் சிகரம்' என்றுதான் பேனை ஓடுகிறது. மனதில் நிற்பது வேறு. கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் ரேடியோ கேட்போம். பெடலை மாறி மாறிச் சுற்ற வேண்டும். பிடித்த பாட்டு வந்தால் குஞ்சம்மா எங்களைத் தள்ளிவிட்டுத் தானே சுற்றுவா. கூடவே பாடுவா, சுருதி சேராது. இதை எழுதப்போகிறேன் என்றதற்கு அண்ணா, 'செத்தவீட்டுப் புத்தகத்தில் என்ன பகிடி?' என்கிறார். 95 இடப்பெயர்வில் படங்களும் போய்விட்டன. என்ன செய்யலாம்?
— ஒரு பெறாமகள், கொக்குவில்

பதில்: தங்கச்சி, அந்த ரேடியோவை எழுதுங்கள். முதல் பந்தியிலேயே எழுதுங்கள்.

'அன்பின் உறைவிடம்' என்பதைப் பெயரை மட்டும் மாற்றி எந்தக் கல்வெட்டிலும் போடலாம். சுருதி சேராமல் பாடிக்கொண்டு பெடல் சுற்றியவர் உங்கள் குஞ்சம்மா ஒருவர்தான். அது எந்தக் காலம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 1990இல் போரால் யாழ்ப்பாணத்தில் போன மின்சாரம் வருசக்கணக்காகத் திரும்பி வரவில்லை. மண்ணெண்ணெய் கிடைத்தால் ஜாம் போத்தலில் குப்பி விளக்கு. சவர்க்காரம் இல்லாவிட்டால் பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். குண்டு போடும் பொம்மர் விமானச் சத்தம் கேட்டால் பங்கருக்குள், பதுங்குகுழிக்குள், ஓட்டம். அப்போது குஞ்சம்மாவுக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். தான் பெறாத நாலு பிள்ளைகளின் பசியையும் பயத்தையும் தலையில் சுமந்துகொண்டு, அவர் பாட்டும் பாடியிருக்கிறார். அண்ணாவுக்கு அது பகிடி. எனக்கு அவருடைய மனத்துணிவு அங்கேதான் தெரிகிறது.

அண்ணாவோடு வாதாட வேண்டாம். அவருக்குப் பக்கத்தில் இருந்து, 'குஞ்சம்மா உங்களுக்கு அடித்த அடியில் எது ஞாபகம்?' என்று கேளுங்கள். துக்கத்தில் இருக்கும் ஆம்பிளைகள் பலர் மரியாதையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார்கள். ஒரு கேள்வி கேட்டால் போதும், கதை தானாக வரும். அதையும் அவர் சொன்னபடியே கட்டுரையில் சேருங்கள். வெளிநாட்டில் இருக்கும் சகோதரங்களை வாட்ஸ்அப்பில் எடுத்து, அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். ஒரே சம்பவத்தை நாலு பேரும் நாலு விதமாகச் சொல்வீர்கள். பரவாயில்லை, 'அக்கா இதை வேறு மாதிரிச் சொல்கிறா' என்றே எழுதலாம்.

கையால் செய்ததை எழுதும்போது கையையே காட்டுங்கள். 'ஆடிக்கூழ் ருசியாகக் காய்ச்சுவார்' என்றால் கனடாவில் பிறந்த பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. பலாவிலையை எப்படிக் கோலினார், ஈர்க்கை எந்தப் பக்கத்தால் குத்தினார், தேங்காய்ப்பாலை எப்போது விட்டார், பனங்கட்டி எவ்வளவு போட்டார், வறுத்த பயறு எந்தப் பதத்தில் வெந்திருக்க வேண்டும் என்றார்? அந்த அளவு உங்கள் வீட்டில் யாருக்காவது தெரியுமென்றால் இப்போதே கேட்டு எழுதிவிடுங்கள். அடுத்த ஆடிப்பிறப்புக்கு யாராவது அதைப் பார்த்துக் காய்ச்சட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். கலியாணம் கட்டாத பெண்ணின் மரண அறிவித்தலில் 'அன்பு மகள்', 'பாசமிகு சகோதரி', பிறகு மைத்துனர்மார் என்று வரிசையாக வந்து, பெறாமக்கள் கடைசியில்தான் வருவார்கள். பல இடங்களில் பெயரும் இராது. கல்வெட்டில் அந்த முறையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வளர்த்த நாலு பேரின் பெயரையும் முன்னால் போடுங்கள். அது அவருக்கு உரித்தான இடம்.

அதோடு, அவர் உங்களுடைய குஞ்சம்மாவாக மட்டும் பிறக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது அவருக்கு இருபத்துச் சொச்சம் வயது. அங்கே போய்ப் புத்தகம் எடுத்தவரா? என்னவாக வர ஆசைப்பட்டார்? கூடப் படித்தவர்கள் ஒருவர் இருவராவது ஊரில் இருப்பார்கள். அவர்களிடம் போய்க் கேளுங்கள். சின்னப்பிள்ளையின் கண்ணுக்கு அகப்படாத குஞ்சம்மாவுக்கும் அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் வேண்டும்.

போரால் யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவை எழுதுவதா என்பதை உங்கள் மனதிடம் விடுகிறேன். அந்த மழையில், அந்தச் சனத்துக்குள் நாவற்குழிப் பக்கம் நடந்தபோது யார் கையை யார் பிடித்திருந்தார்கள் என்று ஒரு வரி எழுத முடிந்தால் எழுதுங்கள். முடியாவிட்டால் விடுங்கள். 31ஆம் நாளுக்குள் எல்லாவற்றையும் எழுதி முடிக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை, ஒரு வருசம் முடிய வரும் ஆட்டத்திவசத்துக்கும் எழுதலாம்.

படத்துக்கு வழி இருக்கிறது. எண்பதுகளில் வெளிநாடு போன சொந்தக்காரர் பலர் கலியாண அல்பங்களைக் கொண்டுபோனார்கள், அல்லது ஊரிலிருந்து தபாலில் எடுப்பித்தார்கள். அவற்றில் குஞ்சம்மா நடுவில் நிற்கமாட்டார். பின்வரிசையில் யாருடைய பிள்ளையையாவது தூக்கிக்கொண்டு நிற்பார். ஓரங்களைத் தேடச் சொல்லுங்கள். அச்சடித்த பிறகு ஒரு பிரதியை 'நூலகம்' எண்ணிம நூலகத்துக்குக் கொடுங்கள். 2005 முதல் இயங்கும் அந்தத் தளத்தில் எங்கள் ஊர்களின் நினைவு மலர்களும் சேர்ந்திருக்கின்றன. படம் கிடைக்கவில்லையென்றால் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துப் போட அவசரப்படாதீர்கள். புத்தகத்தின் முன்னட்டையில் பெயரை மட்டும் பெரிய எழுத்தில் அடித்தாலே போதும்.