விசாரணை கமிஷன்: நீதிபதிகளின் அரசியல் கணக்கு ஏன் தப்புகிறது?

கேள்வி: சார், நீதிமன்றத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் கமிஷன் அறிக்கையில் மட்டும் ஏன் சறுக்குகிறார்கள்?

பதில்: பழக்கதோஷம். கோர்ட்டில் தீர்ப்பு சொன்னால் வழக்கு முடிந்தது, மிஞ்சிப்போனால் அப்பீல். கமிஷன் அறிக்கை யாரையும் கட்டுப்படுத்தாது, அது வெளிவரும் அன்றுதான் சண்டையே ஆரம்பிக்கும்.

கேள்வி: உதாரணம்?

பதில்: பிரிட்டனின் ஹட்டன் விசாரணை. இராக் ஆயுதங்கள் பற்றி அரசு மிகைப்படுத்தியதாக பிபிசி சொன்ன செய்திக்குத் தகவல் தந்த அரசு ஆயுத நிபுணர் டேவிட் கெல்லி 2003 ஜூலையில் இறந்தார், அதை விசாரித்தவர் ஹட்டன் பிரபு. 2004 ஜனவரி 28-ல் அறிக்கை வந்தது. அரசுக்குப் பெரும்பாலும் நற்சான்றிதழ், பிபிசிக்குச் சரியான குட்டு, அதன் தலைவரும் டைரக்டர் ஜெனரலும் பதவி விலகினார்கள். அரசு ஜெயித்த மாதிரிதானே? அங்கேதான் சிக்கல். சாட்சியங்களும் மின்னஞ்சல்களும் விசாரணையின் இணையதளத்திலேயே வந்துகொண்டிருந்ததால், ஜனங்கள் அவற்றைப் படித்து ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். உளவுத் தகவல் நம்பத்தக்கதா என்பது தன் வரம்பில் வராது என்று ஹட்டன் ஒதுக்கிவிட்டார். சட்டப்படி அது நியாயமாகவே இருக்கலாம், ஆனால் ஊரே கேட்ட கேள்வி அதுதான்! பூசி மெழுகிவிட்டார் என்ற பேச்சு கிளம்பி, சில நாட்களிலேயே பட்லர் பிரபு தலைமையில் இன்னொரு விசாரணையை அறிவிக்க வேண்டியதாயிற்று.

கேள்வி: இந்தியாவில், சார்?

பதில்: ஜெயின் கமிஷன். ராஜீவ் கொலை பற்றிய இடைக்கால அறிக்கை 1997 நவம்பரில் கசிந்தது, அதில் திமுக மீது கடும் விமர்சனம். மத்திய அரசிலிருந்து திமுக அமைச்சர்களை நீக்கச் சொன்னது வெளியிலிருந்து ஆதரவு தந்த காங்கிரஸ், பிரதமர் குஜ்ரால் மறுத்தார், ஆதரவை விலக்கியதும் ஆட்சி போயிற்று, 1998-ல் பாஜக வந்தது. 2004-ல் அதே காங்கிரஸ் அதே திமுகவோடு கூட்டணி! இறுதி அறிக்கை முடியாத நிலையில் அரைகுறையாக ஒன்றைக் கையில் கொடுத்தால் அதை யார் எப்படி வீசுவார்கள் என்பது நீதிபதி கையில் இல்லை.

கேள்வி: ஷா கமிஷனும் இப்படித்தானா?

பதில்: அது வேறு ரகம். நெருக்கடி நிலை அத்துமீறல்களை நன்றாகவே பதிவு செய்தார்கள். ஆனால் இந்திரா சாட்சி சொல்ல மறுத்து, தன்னைப் பழிவாங்குகிறார்கள் என்று காட்டிக்கொண்டார், 1980-ல் ஜெயித்தும் விட்டார்.

கேள்வி: அப்போ நீதிபதி அரசியல் பார்த்து எழுதணுமா?

பதில்: கூடவே கூடாது. எது நிரூபணம், எது சந்தேகம் என்று பிரித்து எழுதினாலே பாதி வம்பு குறையும். அப்புறம், விசாரணை வரம்பைப் படிக்காமல் பொறுப்பை ஏற்கக்கூடாது.

கேள்வி: சரி, உருப்படியாக ஒன்றாவது?

பதில்: 1972-ல் வட அயர்லாந்தின் டெரி நகரில் நடந்த பிரிட்டிஷ் ராணுவத் துப்பாக்கிச் சூட்டை விட்ஜரி பிரபு மூன்று மாதத்துக்குள் விசாரித்து முடித்தார், குடும்பங்கள் அதை ஏற்கவே இல்லை. மறுபடி விசாரித்த சாவில் பிரபுவின் அறிக்கை 2010-ல் வந்தது, அன்றே பிரதமர் கேமரன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். என்ன, அதற்குப் பன்னிரண்டு வருஷமும் கிட்டத்தட்ட 20 கோடி பவுண்டும் ஆயிற்று.