பி.எஸ்.ஏ. குறைவாக இருக்கும்போது ஸ்கேன் எதற்கு?

அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய், ஹார்மோன் ஊசியில், நோயைக் கண்காணிக்க ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவு 0.3-க்கு இறங்கிவிட்டது, ஆனாலும் இடுப்பு வலி விடவில்லை, ஸ்கேன் கேட்டால் வீட்டில் "ரிப்போர்ட்தான் நார்மலாச்சே" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த ஊசித் தேதி வரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வலியோடு கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் அடைப்பது என்று ஏதாவது இருந்தால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு ஓடுங்கள். தண்டுவடம் நசுங்குகிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பார்கள்.

நான் டாக்டர் இல்லை. மாமனாரோடு ஓ.பி.யில் காத்துக்கிடந்த மருமகள், அவ்வளவுதான்.

மாமனார் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு பி.எஸ்.ஏ. அளவையும் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி, தேதி போட்டு, ஃபைலில் குத்தி வைப்பார். 86-இல் ஆரம்பித்து ஊசிகளுக்குப் பிறகு 0.4 வரை வந்தது. அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை. தட்டில் பாதி அப்படியே இருக்கும், வேட்டி இடுப்பில் நிற்காது. பி.எஸ்.ஏ. மட்டும் 0.6. ஷார்ஜாவில் இருக்கும் கொழுந்தனார் போனில், "அண்ணி, நாலு வரைக்கும் நார்மல்னு ரிப்போர்ட்லயே போட்டிருக்கு. வீணா ஏன் ஸ்கேன்?" என்றார்.

அந்த 0–4 என்பது சிகிச்சையில் இருப்பவருக்கான கணக்கே இல்லை. அறுவை செய்து புராஸ்டேட்டை எடுத்தவருக்கு 0.2-ஐத் தொட்டு, மறுபடி பார்த்தும் அப்படியே இருந்தால் நோய் திரும்பியதாக எடுத்துக்கொள்வார்கள். கதிர்வீச்சு எடுத்தவருக்கு, இறங்கிய மிகக் குறைந்த அளவிலிருந்து 2 ஏறினால்தான் கவலை. நடுவில் கொஞ்சம் ஏறி தானாக இறங்குவதும் உண்டு. லேப்காரர் எல்லாருக்கும் ஒரே வரியை அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்.

டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு சி.டி. எழுதினார். கல்லீரலில் புள்ளிகள். ஊசி குத்தி எடுத்த திசுவில், நோய் நியூரோஎண்டோகிரைன் என்ற வேறு வகைப் புற்றுநோயாக மாறியிருந்தது. அவர் சொன்னதன் சாரம் இது: பி.எஸ்.ஏ. புராஸ்டேட் செல்கள் சுரக்கும் ஒரு புரதம், கட்டியின் எடை அல்ல. ஊசி போட்டு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை அடக்கினால் அந்தச் சுரப்பும் சேர்ந்தே குறையும். சிலருக்குச் சிகிச்சையின் அழுத்தத்திலேயே செல்கள் குணம் மாறி, சுரப்பதையே நிறுத்திக்கொண்டு பரவும். அதற்கு மருந்தும் வேறு. மாமனாருக்குக் கார்போப்ளாட்டின் என்ற கீமோ மருந்து கொடுத்தார்கள். பசி திரும்பியது, இன்னொரு பொங்கல் வரை எங்களோடு இருந்தார்.

"பயமுறுத்துகிறீர்கள்" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இந்த மாற்றம் சிலருக்குத்தான் வரும், பெரும்பாலோருக்கு பி.எஸ்.ஏ. ஒழுங்காகத்தான் வழிகாட்டுகிறது, பரிசோதனையை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவே இல்லை. உங்கள் அப்பாவின் வலி வெறும் தேய்மானமாகவும் இருக்கலாம். அதையும் படம் எடுத்துப் பார்த்துத்தானே சொல்ல முடியும்?

சொல்லாமல் இருக்க முடியவில்லை: வாட்ஸப் குழுவில் ரிப்போர்ட் போட்டதும் கட்டைவிரல் தூக்குகிற பிள்ளைகளில் ஒருவர்கூட ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுத்ததில்லை. காரியத்துக்கு வந்தபோது "ஏன் முன்னாடியே ஸ்கேன் எடுக்கலை?" என்று கேட்டது அதே கொழுந்தனார்தான். அதற்குப் பதில் சொல்ல நான் இன்னும் தயாராகத்தான் இருக்கிறேன்.

சரி, உங்கள் விஷயம். எப்போதும் ஒரே லேபில் ரத்தம் கொடுங்கள், லேப் மாறினால் அளவும் கொஞ்சம் மாறும். அப்பா முடிக்கோ நகத்துக்கோ பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சில கருவிகளில் அது பி.எஸ்.ஏ.யைக் குறைத்துக் காட்டும். எடை, பசி, வலி எந்த இடத்தில், ராத்திரி எழுப்புகிறதா என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். ரிப்போர்ட்டை நீட்டுவதற்கு முன்னால் அதைச் சொல்லுங்கள்.