இரண்டு பாட்டிலையும் கலந்தது அம்மா. வழக்கு யார் மேல்?

கேள்வி: பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் வசிக்கிறோம். கழிவறையில் மஞ்சள் கறை போகவில்லை என்று என் அம்மா டாய்லெட் கிளீனர் ஊற்றி, அதன் மேலேயே பிளீச்சிங் திரவத்தையும் ஊற்றிவிட்டார். கிளம்பிய நெடியில் மூச்சு முட்டி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இப்போது தேவலை. டாய்லெட் கிளீனர் பெரிய கம்பெனியுடையது. பிளீச்சிங் திரவம் தெருமுனைக் கடையில் வாங்கியது. பாட்டிலில் பெயரும் விலையும் தவிர ஒன்றுமில்லை. தெரிந்தவர் மூலம் வந்த ஒரு கன்சல்டன்ட், பெரிய கம்பெனி மேல் கேஸ் போட்டால் பத்து லட்சம் வாங்கலாம், முதலில் பதினைந்தாயிரம் கட்டுங்கள் என்கிறார். போடலாமா? இரண்டு பாட்டில்களையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: பெரிய கம்பெனி மேல் போடாதீர்கள். அந்தப் பதினைந்தாயிரத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். உங்களுக்கு வழக்கு என்று ஒன்று இருந்தால் அது அந்தச் சின்ன பாட்டில் மேல்தான் இருக்கிறது.

முதலில் நடந்தது என்ன என்று பார்த்துவிடுவோம். டாய்லெட் கிளீனரில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிளீச்சிங் திரவத்தில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். எந்தப் பாட்டிலிலும் கலப்படம் வேண்டாம், கெட்டுப்போன சரக்கு வேண்டாம். இரண்டும் ஒழுங்காகத் தயாரித்த சரக்காக இருந்தாலே இது நடக்கும். ஆகவே 'பொருளில் குறை' என்று வாதாடுவதில் பயனில்லை. மிஞ்சுவது ஒரே கேள்வி: இப்படிக் கலக்கக் கூடாது என்று உங்கள் அம்மாவிடம் யாராவது சொன்னார்களா?

2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொருளால் வந்த பாதிப்புக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. 84ஆம் பிரிவில் ஒரு வரி உங்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது. பொருளைச் சரியாகப் பயன்படுத்தும் முறையையோ, தவறாகப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்ற எச்சரிக்கையையோ போதுமான அளவு தராத தயாரிப்பாளர் பொறுப்பாவார் என்கிறது அது. ஜனங்கள் தப்பாகத்தான் பயன்படுத்துவார்கள் என்று சட்டத்துக்கே தெரியும். கஸ்டமர் கேரில் போனை எடுப்பவர்கள், 'நீங்கள் தவறாகப் பயன்படுத்தியதால் எங்களுக்குப் பொறுப்பில்லை' என்று ஒரே வாக்கியத்தில் முடிப்பார்கள். அதை நம்பிப் பேசாமல் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தவறாகப் பயன்படுத்தியதாலேயே வழக்கு செத்துவிடாது. எச்சரிக்கை இருந்ததா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டாய்லெட் கிளீனரின் பின்பக்கம், பிளீச்சுடனோ வேறு சுத்திகரிப்பானுடனோ கலக்காதே, விஷவாயு வரும் என்று ஆங்கிலத்தில் தெளிவாக இருக்கிறது. அதற்கு மேல் ஒரு கம்பெனியைப் பொறுப்பாக்குவது மிகவும் கடினம்.

அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தானே படிக்கத் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, எனக்கு ஆத்திரம் வருகிற கேள்வியும்கூட. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகள், விலை, அளவு, முகவரி போன்ற விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும் என்கின்றன. கம்பெனிகளும் எச்சரிக்கையை அதோடு நிறுத்திக்கொள்கின்றன. தமிழில் பாட்டும் வசனமுமாக விளம்பரம் எடுக்கத் தெரிந்தவர்களுக்கு, 'கலக்காதே' என்று தமிழிலும் கன்னடத்திலும் ஒரு வரி அச்சடிக்க முடியாதா? இந்த வாதத்தை, இப்படிப்பட்ட புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிற நுகர்வோர் ஆணையத்தில் வைக்கலாம். ஆனால் அதை மட்டும் நம்பி இறங்கச் சொல்ல மாட்டேன்.

இனி சின்ன பாட்டில். அதில் எச்சரிக்கையே இல்லை. இங்கே எதிர்த்தரப்பு 87ஆம் பிரிவில் உள்ள ஒரு விதிவிலக்கைக் கையில் எடுக்கும். எல்லாருக்கும் தெரிந்த ஆபத்தை, அல்லது அந்தப் பொருளைப் பயன்படுத்துபவர் தெரிந்திருக்க வேண்டிய ஆபத்தைச் சொல்லாததற்குத் தயாரிப்பாளர் பொறுப்பில்லை என்கிறது அது. இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள், வழக்கே இதில்தான் நிற்கும். பிளீச்சிங் திரவத்தைக் குடித்தால் ஆபத்து என்பது எல்லாருக்கும் தெரியும். கண்ணில் பட்டால் எரியும் என்பதும் தெரியும். அப்படி ஏதாவது நடந்து, யாரும் சொல்லவில்லை என்றால் எடுபடாது. ஆனால் சுத்தம் செய்ய விற்கிற ஒன்றையும், சுத்தம் செய்ய விற்கிற இன்னொன்றையும் சேர்த்தால் விஷவாயு வரும் என்பது அப்படி எல்லாருக்கும் தெரிந்த சங்கதியா? வேதியியல் படித்தவருக்குத் தெரியும். இரண்டு ஊற்றினால் இரட்டிப்பாக வெளுக்கும் என்றுதான் வீட்டில் வேலை செய்பவர்கள் நினைப்பார்கள். ஆகவே இந்த விதிவிலக்கு உங்கள் அம்மாவுக்குப் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. புகாரில் இதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

தயாரித்தவர் யார் என்று தெரியாவிட்டால், 86ஆம் பிரிவின்படி விற்ற கடைக்காரர் பொறுப்பாகலாம். ஆனால் தவறாகப் பயன்படுத்திய பொருளுக்காக விற்றவர் மேல் வழக்கு நிற்காது என்றும் சட்டத்தில் இருக்கிறது. கடைக்காரர் அதைப் பிடித்துக்கொள்வார். அதனால் தயாரித்தவரைக் கண்டுபிடிப்பதுதான் முக்கியம். அதே சரக்கு இன்னமும் விற்கிறதா என்று பாருங்கள். விற்றால் சீல் உடைக்காமல் ஒரு பாட்டிலை பில்லோடு வாங்குங்கள், கொண்டுவந்து போடும் வண்டிக்காரரிடம் முகவரி கேளுங்கள். தயாரிப்பாளர் பெயர், முகவரி இல்லாமல் பொட்டலம் விற்பதே விதிமீறல். சட்டமுறை எடையளவுத் துறைக்குத் தனியாக ஒரு புகார் அனுப்புங்கள்.

இப்போது அந்தக் கன்சல்டன்ட். இந்த ஊரில் இவர்கள் பெருகிவிட்டார்கள். அசோகச் சின்னம் போல ஏதோ ஒன்று அச்சடித்த அடையாள அட்டை, 'நுகர்வோர் உரிமை' என்று தொடங்கும் ஒரு பெயர், 'கோர்ட் ஃபீஸ்' என்று ஒரு தொகை. பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமே கிடையாது. நீங்கள் வாங்கியது சில நூறு ரூபாய் பாட்டில். வென்றால் இத்தனை சதவீதம் என்று பேசுபவர் உண்மையான வக்கீலாகவே இருந்தாலும், பார் கவுன்சில் விதிகள் அதை அனுமதிப்பதில்லை. பெரிய கம்பெனியைக் காட்டுவதும் உங்கள் நலனுக்காக இல்லை. பெயர் பெரிதாக இருந்தால் உங்களிடம் பெரிய தொகை கேட்கலாம், அவ்வளவுதான்.

இவர்கள் செய்கிற மிக மோசமான காரியம் வேறு. 'கலந்ததைச் சொல்ல வேண்டாம், ஒன்றை மட்டும் ஊற்றினதாக எழுதிக்கொள்வோம்' என்பார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நடந்ததைச் சொல்லியிருப்பீர்கள். அது அங்கே பதிவாகியிருக்கும். பொய்ப் பிரமாணப் பத்திரத்தில் இருக்கப்போவது உங்கள் அம்மாவின் கையெழுத்து. மாட்டிக்கொள்ளப்போவதும் அவர்தான்.

பத்து லட்சம் என்ற கணக்கையும் மறந்துவிடுங்கள். ஆஸ்பத்திரிச் செலவு, காயத்தோடு வந்த மன உளைச்சலுக்கு ஒரு தொகை, இவற்றைக் கேட்பதுதான் நியாயம்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் புகாரைப் பதியுங்கள். அவர்களால் உத்தரவு போட முடியாது. ஆனாலும் கேட்டோம் என்பதற்கு ஒரு பதிவு இருக்கும். பிறகு நோட்டீஸ் அனுப்பிவிட்டு, நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ருதி இணையதளத்தில் நீங்களே புகார் போடலாம். நீங்கள் வசிக்கும் பெங்களூரிலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்து மூன்று மாதத்தில் தீர்ப்பு, பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம் என்கிறது சட்டம். நடப்பது அப்படி இல்லை. உறுப்பினர் பதவி காலியாகக் கிடக்கும், வாய்தா மேல் வாய்தா போகும், வருஷங்கள் ஓடும். சாதாரண மனிதனுக்காக என்று கட்டிய இடத்தில் சாதாரண மனிதனைத்தான் அதிகம் நடக்க வைக்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு வந்துபோக உங்கள் வீட்டில் ஆள் இருக்கிறதா என்பதையும் யோசித்தே முடிவெடுங்கள்.

இரண்டு பாட்டில்களையும் மூடி இறுக்கி, தனித்தனிப் பையில், குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். தூக்கிப் போட வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில், கடை பில் எல்லாவற்றுக்கும் நகல் எடுங்கள். கடை பில் இல்லையென்றால் போனில் பணம் அனுப்பிய பதிவு போதும். சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் புகார் பதிவாகியிருக்க வேண்டும்.