வெள்ளைக் கரடி – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நாற்பது நாளாகக் காலையில் இருபது நிமிடம் கண்ணை மூடி உட்கார்கிறேன். மனம் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. ஆபீஸ் மெயில், பழைய சண்டை, யாருக்கோ சொல்லாமல் விட்ட பதில் என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. வேலை இருக்கிறது, குறை என்று சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி விடுவதாக இல்லை. பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கணக்கு சொல்லித் தரும் அரை மணி நேரம் மட்டும்தான் அது வருவதில்லை. தியானம் எனக்கு ஒத்துவராதா?

ர.

அன்புள்ள ர.,

நிற்கச் சொன்னால் எந்த மனமும் நிற்காது. 1987-ல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் சிலரை உட்கார வைத்து, ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணியை அடியுங்கள் என்றார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இனி நினைக்கலாம் என்று விட்டதும், முதலிலேயே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது. நீங்கள் நாற்பது நாளாகச் செய்வதும் கரடியை விரட்டும் வேலைதான்.

இன்று தியானச் செயலிகளில் விற்கும் 'மைண்ட்ஃபுல்னஸ்' (விழிப்போடு கவனித்திருப்பது) என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது, பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியின் 'சதி'. (தமிழ்க் காதில் விவகாரமாகத்தான் விழும், என்ன செய்ய.) சமஸ்கிருதத்தின் ஸ்மிருதிதான் அது, நினைவு என்று பொருள். நினைவு என்றாலே நடுவில் மறதி ஒன்று இருந்தாக வேண்டும் இல்லையா?

நான் தொடங்கிய புதிதில் மூச்சை ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணி, மறுபடி ஒன்றுக்கு வர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பத்தில் நின்ற நாள் குறைவு. பதினேழு, பதினெட்டு என்று போய்க்கொண்டே இருப்பேன், ஒரு நாள் முப்பத்து நான்கு, எண்ணிக்கை பாட்டுக்கு ஓட நான் உள்ளே யாரோ ஒருவரை வாக்குவாதத்தில் மடக்கிக்கொண்டிருப்பேன். 'அடடா, முப்பத்து நான்கா' என்று பிடிபடுகிற நொடி இருக்கிறதே, பயிற்சி அதுதான். சரி, ஒன்று என்று மறுபடி தொடங்க வேண்டியது, அவ்வளவே. அந்த நொடியைத்தான் நீங்கள் தோல்விக் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

அப்புறம் அந்த 'எதற்கு'. இருபது நிமிடம் உட்கார்ந்து அதற்குப் பதில் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை, தியானத்தின் தலையில் அந்தப் பாரத்தை ஏற்றவும் வேண்டாம். நாஜி முகாம்களிலிருந்து உயிரோடு வந்த வியன்னா மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல் கேள்வியையே திருப்பிப் போட்டார்: வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்று நாம் கேட்பது இருக்கட்டும், அதுதான் நம்மைக் கேட்கிறது, நாம் பதில் சொல்ல வேண்டியது செய்கிற காரியத்தில். எனக்கு இது முதலில் மேடைப் பேச்சு மாதிரித்தான் பட்டது. உங்கள் கடிதத்தில் ஒற்றை வரியில் வந்து போகும் பையனைப் பார்த்ததும் அப்படித் தோன்றவில்லை. அந்த அரை மணி நேரம் நீங்கள் மூச்சையும் எண்ணுவதில்லை, அர்த்தத்தையும் தேடுவதில்லை.

ஒன்று மட்டும். இந்த வெறுமையோடு தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால், எனக்குக் கடிதம் எழுதுவதைவிட முதலில் ஒரு மருத்துவரைப் பாருங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

மற்றபடி, அந்தப் பையனுக்கு இப்போது என்ன பாடம், பின்னமா? எந்த இடத்தில் தடுக்குகிறான் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.