அம்மாவுக்கு எலும்புத் தேய்மானமாம். தாவர அன்டிஒக்சிடன்ட் குளிசை கொடுத்தால் எலும்பு பலப்படுமா?

உங்களுக்கும் யாரோ ஒரு போத்தலை நீட்டியிருப்பார்கள், இல்லாவிட்டால் இந்தக் கேள்வி வராது. முதலில் எந்தத் தேய்மானம் என்று டொக்டரிடம் கேளுங்கள். முழங்கால் மூட்டுத் தேய்வது ஒரு வருத்தம், எலும்பே அடர்த்தி குறைந்து நொய்ந்துபோவது வேறு வருத்தம். எங்கள் பக்கம் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

நான் முல்லைத்தீவுப் பக்கம், விசுவமடு. மூன்று வருடத்துக்கு முன் அம்மா கிணற்றடியில் வழுக்கிக் கையை ஊன்ற, மணிக்கட்டு முறிந்தது. இவ்வளவு சின்ன விழுகைக்கு முறிவதே சரியில்லை என்று சொல்லி டொக்டர் எலும்பின் அடர்த்தியை அளக்கும் ஸ்கேனுக்கு எழுதினார். அடர்த்தியைக் காட்டும் எண்ணான டி ஸ்கோர் மைனஸ் 3.1. மைனஸ் 2.5 என்றாலே ஒஸ்டியோபொரோசிஸ், அதாவது எலும்பு நொய்ந்துபோகும் அந்த வருத்தம்தான். எலும்பு கரைவதைக் குறைக்கும் அலென்ட்ரோனேட் குளிசை, 70 மில்லிகிராம், கிழமைக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். அம்மா அதைத் தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டுத் திரும்பவும் படுத்துவிடுவார். நெஞ்செரியாமல் என்ன செய்யும்?

அந்த நேரம் பார்த்துத் தூரத்துச் சொந்தத்தில் ஒரு மாமி பையோடு வந்தார். மஞ்சள், பச்சைத் தேயிலை, திராட்சை விதை எல்லாம் சேர்ந்த, உடம்பின் கலங்களைப் பழுதாகாமல் காக்குமாம் என்கிற அன்டிஒக்சிடன்ட் குளிசை. "எல்லாம் மரஞ்செடிதான் பிள்ளை, பக்கவிளைவு ஒண்டும் இல்லை." போத்தல் 9,500 ரூபாய், உறுப்பினராகச் சேர இன்னும் 5,000. படித்தவள் நான், சேர்ந்தேன். அம்மாவும் ஆஸ்பத்திரிக் குளிசையை நிற்பாட்டிவிட்டார். எட்டு மாதம்.

ஒருநாள் அம்மாவின் சேலை நிலத்தில் இழுபட்டது. ஒழுங்காக உடுத்தத் தெரியாதோ என்று ஏசினேன். ஆளே கட்டையாகிவிட்டதை நான் கவனிக்கவில்லை. வாளி தூக்கும்போது முதுகு பிடித்துவிட்டது என்று தைலம் பூசினோமே, அது முள்ளந்தண்டு எலும்பு நசிந்த நோ.

மஞ்சளைக் குறை சொல்கிறாள் என்று சண்டைக்கு வரவேண்டாம், என் சட்டியிலும் மஞ்சள் இருக்கிறது. எலும்பைக் கரைக்கும் கலங்களை மஞ்சளில் இருக்கும் குர்குமின் அடக்குவதை ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள், எலிகளிலும் நல்ல முடிவு வந்திருக்கிறது. ஆனால் இந்தக் குளிசைகளால் மனிதருக்கு எலும்பு முறிவு குறைந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. உலர்ந்த பிளம்ஸ் நாளுக்கு 50 கிராம் ஒரு வருடம் சாப்பிட்ட, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி குறையாமல் நின்றதாக ஓர் அமெரிக்க ஆய்வு உண்டு. அது பழம். விசுவமடுச் சந்தையில் அதைத் தேடிப் பாருங்கள்! குரக்கனும் எள்ளும் முருங்கையிலையும் கிடைக்கும், கல்சியத்துக்கு அவை நல்லவை. பக்கவிளைவு இல்லை என்பதும் பொய். செறிவான பச்சைத் தேயிலைக் குளிசை சிலரின் ஈரலைப் பழுதாக்கியிருக்கிறது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் குடிப்பவர்கள் டொக்டரைக் கேட்காமல் மஞ்சள் குளிசையைத் தொடவே கூடாது.

இப்போது ஞாயிறு விடிய வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் பச்சைத்தண்ணீரோடு திரும்பவும் அந்த ஆஸ்பத்திரிக் குளிசை. பிறகு அரை மணித்தியாலம் கதிரையில் நிமிர்ந்து இருக்கவேண்டும். நான் மணிக்கூட்டோடு முன்னால் இருப்பேன். கல்சியம் மத்தியானச் சாப்பாட்டோடு. நெஞ்செரிவு வரவில்லை. உங்கள் அம்மாவுக்குச் சிறுநீரக வருத்தம் இருந்தால் அதை முதலே சொல்லிவிடுங்கள், இந்தக் குளிசை எல்லோருக்கும் ஒத்துவராது.

கனடாவில் இருக்கும் தம்பி, "அக்கா, நீ பக்கத்தில இருந்தும் கவனிக்கேல்லையா?" என்று கேட்கிறான். விடிய ஐந்து மணிக்கு எழும்பி கிளினிக்கில் நம்பருக்கு நிற்பது அவனா? காணிப் பிரச்சினைக்குக் கச்சேரிக்கு அலைந்ததும் நான்தான், அதற்கும் ஒரு நல்ல சொல் கிடையாது. போன மாதம் அவனுடைய பார்சல் வந்தது. திறந்தால், திராட்சை விதைக் குளிசை, மூன்று போத்தல்.