ஆராதனையில் மனம் ஒன்றுவதில்லை. கடவுள்மேல் உருக்கமான பக்தியை எப்படி வளர்ப்பது?

வெள்ளவத்தையில் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறீர்கள், வாய் பாடுகிறது, மனம் திங்கட்கிழமை வேலையில் நிற்கிறது, பக்கத்தில் நிற்பவர் கண்ணீர் விடும்போது குற்ற உணர்வு வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தக் கண்ணீரோடு உங்களை ஒப்பிடுவதை விடுங்கள். சிலருக்கு இலகுவில் அழுகை வரும், அவ்வளவுதான். "உருக்கம் வந்ததா, வரேல்லையா" என்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தால் கவனம் கடவுளை விட்டு உங்கள் மனநிலைக்கே திரும்பிவிடும்.

103ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி" என்று தாவீது தன் மனதுக்கே கட்டளை போடுகிறார், உணர்ச்சி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. உடனே 3 முதல் 5 வரையான வசனங்களில் மன்னிப்பு, சுகம், மீட்பு என்று பெற்றதை ஒவ்வொன்றாக எண்ணுகிறார். இரவில் நீங்களும் மூன்று விடயங்களை எழுதுங்கள். "குடும்பம், சுகம், வேலை" என்று பொதுவாக எழுதினால் ஒரு கிழமைக்குள் சலித்துவிடும். "கொட்டுகிற மழையில் வான்காரர் பிள்ளையை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்" என்கிற அளவுக்குக் குறிப்பாக இருக்க வேண்டும்.

நாளுக்கொரு சங்கீதம் வாசியுங்கள். அதைத் தெரிவுசெய்ய ஒரு பழைய வழி: திகதியோடு முப்பது முப்பதாகக் கூட்டுங்கள். 7ஆம் திகதி என்றால் 7, 37, 67, 97, 127. ஐந்தில் ஒன்று போதும். 29ஆம் திகதி வரும் 119க்கு 176 வசனம். அதை 31க்கு ஒதுக்கி வையுங்கள். எடுத்ததை வாய்விட்டு மூன்று தரம் வாசியுங்கள், ஏனென்றால் மனதுக்குள் வாசித்தால் தெரிந்த வரிகளைக் கண் தாண்டிப் போய்விடும். முதல் தரம் பொருள் விளங்குவதற்கு. இரண்டாம் தரம் எந்தச் சொல் பிடித்து நிறுத்துகிறதோ அங்கே நில்லுங்கள். மூன்றாம் தரம் அந்தச் சொல்லையே உங்கள் வீட்டுக் காரியத்தோடு சேர்த்து ஜெபமாக்குங்கள். எல்லாம் 15 நிமிடத்துக்குள் முடியும். 13, 22, 88 போன்ற புலம்பல்களைத் தாண்டிப் போக வேண்டாம். 88 இருளிலேயே முடிகிறது, ஆனாலும் வேதத்தில் இருக்கிறது. துதியை மட்டும் அனுமதிக்கிற பக்தி கொஞ்ச நாளில் நடிப்பாகிவிடும்.

பிள்ளைகளுக்காக ஆங்கில ஆராதனைக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள் கொழும்பில் நிறைய. அது பரவாயில்லை. ஆனால் வீட்டில் எந்த மொழியில் கோபப்படுகிறீர்களோ அந்த மொழியில் ஜெபியுங்கள். பழைய வேதாகமத்தின் நடை பிள்ளைகளுக்கு விளங்காவிட்டால் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

உடம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தி முழங்காலில் நிற்பவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் சபைகளில்தான் ஜெபம் என்றதும் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடுகிறோம், பிறகு நித்திரை வருகிறது என்கிறோம்.

ஞாயிறு ஆராதனை சனி இரவே தொடங்க வேண்டும். கத்தோலிக்க, அங்கிலிக்கன், மெதடிஸ்த ஆலயங்களில் அன்றைய வாசகங்கள் முன்பே குறிக்கப்பட்டவை, வாசித்துவிட்டுப் போங்கள். மற்றச் சபை என்றால் பாஸ்டரிடம் பகுதியைக் கேட்கலாம். பத்து நிமிடம் முந்திப் போய் இருங்கள். காலி வீதியில் 100, 101 பஸ்ஸுக்கு ஓடிப் பிடித்துப் போய் இறங்கினால் முதல் இரண்டு பாட்டும் மூச்சு வாங்குவதிலேயே போய்விடும். போனில் வேதாகமம் வாசிப்பவர்கள் அன்றைக்கு மட்டும் புத்தகத்தைக் கொண்டுபோங்கள்.

எல்லாப் பழியும் உங்கள் மனதின் மேல் இல்லை. பாடகர் தன் குரலுக்கு ஏற்ற சுருதியில் தொடங்கி, உச்ச ஸ்வரம் மேற்கத்திய இசையின் மேல் 'டி' (D) ஸ்வரத்தையும் தாண்டினால் சபையில் பாதிப் பேர் வாயை மூடிவிடுவார்கள். பக்கத்தில் நிற்பவரின் குரல் கேட்காத அளவுக்கு ஸ்பீக்கர் அலறினாலும் அதேதான். பாடற்குழுவில் தெரிந்தவர் இருந்தால், கடைசிச் சரணத்தை மட்டும் வாத்தியம் இல்லாமல் பாடச் சொல்லிப் பாருங்கள். ஒரே பல்லவியை எட்டுத் தரம் திருப்பினால் வருகிற சூட்டை நான் பக்தியில் சேர்ப்பதில்லை. அதில் பெரும்பங்கு தாளமும் சத்தமும்.

காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிற மத்தேயு 5:23-24ஐயும் சொல்ல வேண்டும். சகோதரனோடு காணிச் சண்டை இருந்தால் சனிக்கிழமையே போன் எடுத்துக் கதையுங்கள்.

இவ்வளவு செய்தும் வறட்சி வரும். அன்னை தெரேசா பல பத்தாண்டுகள் கடவுளின் பிரசன்னத்தை உணராமலே ஜெபித்தார் என்பது 2007இல் வெளியான அவருடைய கடிதங்களில் இருக்கிறது. அப்படியான நாட்களில் சொந்த வார்த்தை தேடாமல், கர்த்தருடைய ஜெபத்தை ஒவ்வொரு வேண்டுதலுக்குப் பிறகும் ஒரு மூச்சு நிறுத்திச் சொல்லுங்கள். ஆராதனை மட்டுமல்ல, சாப்பாடு, நித்திரை, பிள்ளைகளின் விளையாட்டு எதுவுமே இரண்டு கிழமைக்கு மேல் பிடிக்காமல் போனால் அது வேறு விடயம். அதற்கு வைத்தியரைப் பாருங்கள், அல்லது தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள்.